சாவி இல்லாமல் மின்னிய கண்ணாடி

செத்துப்போன அப்பா என் "கெப்" என்ற சிறு சரக்கு வண்டியின் இடப்பக்கக் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று போன மழைக்காலத்தில் சில நாள் நான் நிஜமாகவே நம்பினேன். ஐம்பதைத் தாண்டிய ஆள், அந்தக் கண்ணாடிக்கு வயரிங் செய்தவனும் நானே என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

பயம் பழையது. நான் சிறுவனாக இருந்தபோது கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்பா கொழுந்து லாரி ஓட்டினார். ஒரு மழைநாளில் லாரி பள்ளத்தில் உருண்டது. அப்பாவின் உடலை எங்கள் லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள், உடையாமல் மிஞ்சிய இடப்பக்கக் கண்ணாடியையும் கொண்டுவந்து வாசலில் சாய்த்து வைத்தார்கள். சாவு விழுந்த வீட்டில் கண்ணாடியைச் சுவர் பார்க்கத் திருப்புவது எங்கள் வழக்கம். "போற உசுரு உள்ள மாட்டிக்கும்" என்பாள் லயத்தில் பக்கத்துக் "காம்பரா" வீட்டுப் பெரியம்மா. வீட்டுக் கண்ணாடியைத் திருப்பினார்கள். லாரிக் கண்ணாடி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. காரியம் முடிந்ததும், பச்சைக் கொழுந்தும் டீசலும் மணத்த அதை அம்மா சுவரில் மாட்டினாள். அப்பா அதற்குள்தான் இருக்கிறார் என்று முடிவுகட்டி, நேரே நின்றால் என் மூஞ்சிதானே தெரிகிறது என்று பக்கவாட்டில் ஒளிந்து எட்டிப் பார்ப்பேன். பார்க்கவும் ஆசை, பார்த்துவிட்டால் என்ன செய்வதென்ற நடுக்கமும். தலைசீவும்போது கண்ணை மூடிக்கொண்டதால் என் வகிடு ஒருநாளும் நேராக வந்ததில்லை.

இப்போது பதுளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றுகிறேன். பின்னால் ட்ரெய்லரை மாட்டினால் வண்டியோடு வந்த கண்ணாடியில் ஒன்றும் தெரியாது என்று, சிக்னலும், கதவடித் தரையில் வெளிச்சம் போடும் கதவடி விளக்கும் வைத்த, நீண்ட கை கொண்ட பக்கக் கண்ணாடிகளை வாங்கிப் பூட்டினேன். கதவடி விளக்குக்குப் பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தேன். கண்ணாடிக் கைக்கு அடியில் இருந்த இணைப்புகளுக்கு அப்புறம் டேப் சுற்றலாம் என்று விட்டேன். புதுச் சாமானுக்குக் கண்படக் கூடாதே என்று, இடப்பக்கக் கண்ணாடிக் கையில் எலுமிச்சங்காயும் மிளகாயும் கம்பியில் கோத்துக் கட்ட மட்டும் மறக்கவில்லை.

அன்று மாலை மூடுபனியில் வண்டி நிற்கிறது. சாவி என் சட்டைப்பையில். இடப்பக்க சிக்னல் மின்னியது. யோசித்தது. மறுபடி மின்னியது. நான் வீட்டுக்குள் ஓடியபோது ஒற்றைச் செருப்புதான் என்னோடு வந்தது.

"பேயின்னா ரெண்டு பக்கமும்ல மின்னணும்? போய் ஒங்க வயரிங்கப் பாருங்க" என்றாள் மனைவி.

அம்மா சிரிக்கவில்லை. "எடது பக்கமாடா?" என்றாள். மறுநாளிலிருந்து பொழுது சாயும்போது சால்வையைப் போர்த்திக்கொண்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்தாள். மடியில் ஒரு தம்ளர் தேத்தண்ணி, "டேஷ்போர்ட்" மேல் இன்னொன்று.

கொழும்புக்குப் போகும் நாள் வந்தது. எங்கள் ரோட்டில் இடப்பக்க சிக்னல் போட்டால், முந்திப் போ என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்வதாக அர்த்தம். டார்ச்சும் குறடுமாக வண்டியிடம் போனேன்.

"இருந்துட்டுப் போகட்டும்டா. ஒன்ன என்னா பண்ணுது?" என்றாள் அம்மா, வண்டிக்குள் இருந்தபடி.

"பெரகல வளைவுல இது மின்னுனா பின்னாடி வர்றவன் முந்துவாம்மா. எதிர்ல லாரி வந்தா?"

அம்மா தேத்தண்ணியைப் பார்த்தாள். "சரி. கழட்டு."

அந்த லாரிக் கண்ணாடி, தோட்டத்தை விட்டு வந்தபோது எங்கே போனதென்று தெரியவில்லை. அது தொங்கிய லயமும் இன்று இல்லை. இந்தக் கண்ணாடியில் நடந்தது இவ்வளவுதான்: எலுமிச்சங்காய் கட்டிய கம்பி, காற்றில் ஆடும்போதெல்லாம் டேப் சுற்றாத கதவடி விளக்கு வயரையும் சிக்னல் வயரையும் சேர்த்துத் தொட்டு, பேட்டரி மின்சாரத்தைச் சாவி இல்லாமலே சிக்னலுக்குக் கொடுத்திருக்கிறது. கம்பியை அவிழ்த்தேன், டேப் சுற்றினேன். இருட்டும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு மின்னவில்லை.