அக்கா மகளுக்கு நான் கூட்டிப் போட்ட ஐந்து மாதம்

அக்கா மகளை ஸ்கூலில் சேர்த்தவன் நான்தான். தாராவியில் அத்தானுக்குத் தோல் பை செய்யும் பட்டறை. உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரம் இருக்காது. ஜூனில் சேர்க்கப் பிள்ளைக்கு ஐந்து மாதம் குறைந்தது. அதற்கென்ன, நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதானே! அக்டோபரில் பிறந்தவளை மே மாதம் பிறந்தவள் என்று எழுதிக் கொடுத்தேன். ஊரில், வீட்டிலேயே பிறந்த பிள்ளை. சான்றிதழ் பிறகுதான் எடுத்தோம், அதிலும் அதே மே. ஒரு வருடம் மிச்சம் பிடித்துவிட்டதாகப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

அத்தானின் பைகள் கப்பலேறின. அவள் காலேஜில் சேர்ந்த வருடம், செம்பூர் ஃபிளாட்டை விற்று அமெரிக்காவில் ஒரு ஹோட்டலில் முதலீடு செய்து, குடும்பத்தோடு குடியேறும் விசாவுக்கு விண்ணப்பித்தார். மகளுக்கு இருபத்தொரு வயது ஆவதற்குள் ஃபைல் தேற வேண்டும். இல்லையென்றால் அவள் பெயர் கழன்றுவிடும். நிறைய டைம் இருக்கிறது என்றார் கன்சல்டன்ட்.

பிறகு அமெரிக்காக்காரர்கள் வரிசையை மாற்றினார்கள். கிராமத்துத் திட்டங்களில் பணம் போட்டவர்களின் ஃபைலை முதலில் பார்ப்பார்களாம். அத்தான் பணம் போட்ட ஹோட்டலோ நகரத்தில்.

"நாசமாப் போறவனுவ! பொழைக்க வழியில்லாம கிராமத்த விட்டு ஓடியாந்தேன். அங்கயும் கிராமத்துக்குப் போன்னுல்லா சொல்லுதான்!" என்று அத்தான் கத்தியதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா முறைத்தாள்.

சான்றிதழ்படி அவளுக்கு இருபத்தொன்று முடியும் மே வந்தது, பதில் வரவில்லை. ஆகஸ்டில் அத்தானுக்கும் அக்காவுக்கும் மட்டும் சரி என்று வந்தது. நான் அக்டோபர் என்றே எழுதியிருந்தால் மூன்று பேருக்கும் வந்திருக்கும். கன்சல்டன்டிடம் ஓடி உண்மையைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்ப டேட்டை மாத்துனா மொத்த ஃபைலும் போயிடும். பேசாம இருங்க சார்."

பேசாமல் இருக்க முடியுமா? அன்று சாயங்காலமே அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

"அப்ப எனக்கு இன்னும் இருபதுதானா? க்யா மாமா நீங்க!" என்று சிரிக்கத் தொடங்கியவள், பாதியிலேயே அழுதுவிட்டாள். திட்டவே இல்லை, என் செல்லம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அக்கா போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "நீங்க போயிட்டு என்னைக் கூப்பிடுங்கம்மா. எத்தனை வருஷம் ஆனாலும் வாரேன்" என்று பிள்ளைதான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தாள்.

ஏர்போர்ட் வாசலில் அக்கா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன், அடித்திருந்தாலும் தகும்.

"ஏல, இவளுக்குக் காய்ச்சல் வந்தா அம்மா அம்மான்னு பொலம்புவா" என்றாள். "நீ ஒண்ணும் பேசாத. கையை மட்டும் புடிச்சுக்க. கண்ணத் தொறக்க மாட்டா, நாந்தான்னு நெனச்சுக்கிடுவா."