தேரி மணலில் என் புதுக் கார்

தொண்ணூற்றேழாம் வருடம், பங்குனி உத்திரத்தன்று நடந்தது இது. பாளையங்கோட்டையில் வங்கி வேலையில் இருந்த நான், கார் வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

1300 சிசியா 1500 சிசியா, பெட்ரோலா டீசலா என்று கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லார் உயிரையும் வாங்கியிருந்தேன். டீசல்தான் சிக்கனம் என்று அத்தான் தலைப்பாடாய் அடித்துக்கொண்டார். மாவு மில் மாதிரி சத்தம் போடும் என்று சொல்லி, 1500 பெட்ரோலையே எடுத்தேன். பவர் ஸ்டியரிங், ஏ.சி., பொத்தானை அமுக்கினால் இறங்கும் கண்ணாடி. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதை ஒப்பிப்பதுதான் அப்போது எனக்கு வேலை.

அன்று உடன்குடிப் பக்கம், செம்மணல் மேடாய்க் கிடக்கும் தேரிக்காட்டுக்குள் இருக்கும் எங்கள் சாஸ்தா கோயிலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. சொந்தக்காரர்கள் வேனைத் தார் ரோட்டிலேயே விட்டுவிட்டுக் காலையிலேயே நடந்து போய்விட்டார்கள். எனக்கோ காரைக் கோயில் வாசலில் நிறுத்தி நாலு பேர் பார்க்க வேண்டும். மனைவி சொல்லியும் கேட்காமல் மணலுக்குள் விட்டேன். கொஞ்ச தூரத்தில் மாட்டிக்கொண்டது. மிதிக்க மிதிக்க முன்சக்கரம் புதைந்துகொண்டே போனது. மணி பத்து. கோயிலுக்கு இன்னும் ஒரு மைலுக்கு மேல். அந்த மணலில் நடந்தால் பத்தரைக்குள் போய்ச் சேர முடியாது. அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அழுகையே வந்துவிட்டது.

அப்போது காய்ந்த பனையோலைக் கட்டைச் சுமந்துகொண்டு ஒரு பெண் வந்தார். பதநீர் காய்ச்ச அடுப்புக்கு எடுத்துப்போகிறார். என் வயதுதான் இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். பவர் ஸ்டியரிங் வண்டி என்று அப்போதும் சொன்னேன், வெட்கக்கேடு!

"கருப்பட்டி ஏத்த வார வண்டியெல்லாம் சக்கரத்துல காத்தக் கொறச்சிட்டுத்தான் உள்ள வரும் அண்ணாச்சி" என்றார்.

புது டயரில் காற்றை இறக்க மனசே வரவில்லை, ஆனாலும் இறக்கினேன். அதற்குள் அவர் கட்டை அவிழ்த்து, அத்தனை ஓலையையும் சக்கரத்துக்கு முன்னால் பரப்பிவிட்டார். "வண்டிய பைய எடுங்க. எடுத்த பெறவு கோயில் போற வரைக்கும் நிறுத்தாதீய" என்றார்.

வண்டி கிளம்பிவிட்டது. நிறுத்த முடியாததால் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அவர் குனிந்து, நொறுங்கிய ஓலைகளை மணலிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தது கண்ணாடியில் தெரிந்தது.

பத்து இருபதுக்குக் குழந்தை என் மடியில் இருந்தது. அக்கா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மத்தியானம் இலையில் சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொண்டு நடந்தே திரும்பி, அவருடைய குடிசையைத் தேடிப் பிடித்தேன். அந்த நொறுங்கல்களைத்தான் அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்தார். நிற்காமல் போனதற்கு மன்னிக்கச் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "நீங்க நின்னிருந்தா இன்னொரு கட்டு ஓலைக்கு நான் எங்கன போவேன்?"

முன்பின் தெரியாத என் சக்கரத்துக்குத் தன் அடுப்புக்கானதைப் போட்டுவிட்டு அவர் சிரித்த அந்தச் சிரிப்பு, யாராவது அவசரமென்று என் முன்னால் வந்து நிற்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது. இன்றுவரை நானும் யோசிக்காமல் எழுந்து அவர்களோடு போகிறேன்.