பாலைவனத்துக்குப் போன கைமா

மஞ்சளும் மிளகும் சேர்ந்து வெந்த கறி, ஓவனுக்குள் மெல்ல மெல்லச் சுண்டும்போது ஒரு வாசனை வரும்... திண்டிவனத்தில் அக்கா வீட்டுச் சமையலறை முழுக்க அன்று அந்த வாசனைதான்.

கொத்துக்கறியை நாங்கள் கைமா என்போம். எனக்குக் கல்யாணம் ஆன புதிது. என் கணவர் சவுதியில், பாலைவனத்துக்கு நடுவே ஒரு கேம்பில் தண்ணி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். முதல் லீவில் கோட்டக்குப்பம் வந்தவர், திரும்பிப் போகும் நாள் நெருங்கியதும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அங்க தினமும் பருப்புதான், கோழிதான். நம்மூரு ஆட்டுக்கறிக்கு நாக்கு ஏங்குது. கைமாவ காய வெச்சு குடேன். ரூம்ல ஊற வெச்சு ஆக்கிக்கினு சாப்பிடறேன்."

அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான்.

உப்பு போட்டு மொட்டை மாடியில் காய வைத்தேன். கடல் காற்றில் இருந்த ஈரம் விடவில்லை. மறுநாளே காறல் வாடை. அத்தனையையும் கொல்லையில் புதைத்துவிட்டு அக்காவுக்கு போன் போட்டு அழுதேன். கறி போனதற்காக இல்லை... அவரை வெறுங்கையோடு அனுப்பிவிடுவேனோ என்றுதான்.

"அழுதுக்கினு இருந்தா காஞ்சிடுமாடி? ஜல்தி கெளம்பி வா. எங்கிட்டதான் கேக் ஓவன் இருக்குதே!"

பஸ் ஏறிப் போனேன்.

கொழுப்பில்லாத தொடைக்கறியாக வாங்கிக் கொத்தினோம். நன்றாக வேக வைத்து, வெந்நீரில் அலசி, ஒட்டியிருந்த கொழுப்பையும் போக்கித் துணியில் பிழிந்தோம். தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஓவன் கதவில் ஆவி போக ஒரு கரண்டியைச் செருகி வைத்தாள் அக்கா. குறைந்த சூடு. நடுநடுவே கிளறிவிட்டுக்கொண்டே இருந்தோம். வெயில் தாழ்ந்தபோது தட்டை ஆட்டினால் சலசலவென்று சத்தம். அக்கா ஒரு துகளைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இப்ப பாரு, கடுக்குனு உடையுது" என்றாள்.

அவ்வளவு கறியும் சுருங்கி, சின்ன பாட்டில்களில் அடங்கிவிட்டது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஏர்போர்ட்டில் பெட்டி எடை கூடிப்போனது. அவர் யோசிக்கவே இல்லை. பெருநாளுக்கு எடுத்த புதுச் சட்டைகளை உருவி என் கையில் கொடுத்தார். "சட்ட அங்கயும் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு ஒருநாள் அங்கே மணல் புயல். போன் போகவில்லை. சோறு இறங்காமல் கிடந்தேன். கடைசியில் அவரே கூப்பிட்டார்.

"ரோட்ட மண்ணு மூடிக்கிச்சு. சாப்பாட்டு வண்டி வர்ல. ரூம்ல எல்லாருக்கும் உன் கைமாதான். அரிசியில போட்டுப் பொங்கிட்டோம்."

கூட இருந்த நேபாளத்துக்காரர் போனை வாங்கி என்னென்னவோ பேசினார். அண்ணி என்று கூப்பிடும் 'பாபி' மட்டும் புரிந்தது. குரல் உடைந்திருந்தது.

"அவங்க ஊட்லயும் கறி காய வெப்பாங்களாம். ஒரு வாய் வெச்சதும் ஞாபகம் வந்துடுச்சு, பாவம்..." என்றார் இவர்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"ஒரு பாட்டில மட்டும் யாருக்கும் குடுக்கல. அப்பப்ப மூடியத் தொறந்து மோந்து பாத்துக்கறேன். உன்ன பாத்த மாதிரி இருக்குது."

லீவில் வீட்டில் இருந்தவரை இப்படி ஒரு வார்த்தை சொன்னவரே இல்லை. போனை வைத்த பிறகும் காதிலிருந்து கையை எடுக்க மனம் வரவில்லை எனக்கு.

இப்போது அவர் ஊரோடு வந்துவிட்டார். திண்டிவனத்தில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். தெருமுனையிலேயே கறிக்கடை. எதையும் காய வைக்கத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கைமா செய்கிறேன். டிவியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு, "நல்லாருக்கு" என்பார்.

எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். அதற்காகத்தானே அத்தனை வருஷம் துஆ கேட்டேன். ஆனாலும் மணலுக்கு நடுவிலிருந்து வந்த அந்தக் குரல்...

போன வாரம் கேட்டே விட்டேன். "அப்பல்லாம் போன்ல எப்டி பேசுவீங்க... அந்த மாதிரி ஒரு தடவ பேசுங்களேன்."

"இங்கதான இருக்கேன், இன்னாத்த பேசறது?" என்று சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

போட்டேன். அவர் சொல்வதும் நியாயம்தான்.

இருந்தாலும்...