ஆறில் மூன்று மங்கல்

கறிகாய்க் கடையில் தராசு முள்ளைப் பார்க்கிறவர்கள் உண்டு. நான் கடைக்காரரின் சுண்டு விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறவன். லென்ஸ் வடிவமைக்கிற தொழிலுக்கு இது தோதான குணம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

2008-ல் என் மனைவியின் தம்பி, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் சின்னக் கம்பெனி ஒன்று நடத்திக்கொண்டிருந்தான். மொத்தம் மூன்று பேர். அவன் முதலாளி. கணக்குப் போட்டு டிராயிங் கொடுப்பது நான். கண்ணாடிகளைக் குழலுக்குள் அடுக்கித் திருகி மூடுவது பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண். பி.எஸ்சி. பௌதிகம். அவர் மாமனார் வாரத்துக்கு ஒருமுறை, “எப்ப வேலைய நிறுத்தப் போற?” என்று கேட்பாராம்.

வயிற்றில் சின்னத் துளை போட்டு ஆபரேஷன் செய்யும்போது பேனா கனத்தில் ஒரு குழாயை உள்ளே விடுவார்கள். அதன் வெளிமுனையில் கேமரா. இரண்டுக்கும் நடுவே உட்காருவது எங்கள் ஜூம் லென்ஸ். கட்டைவிரல் நீளத்துக்குள் ஏழு கண்ணாடிகள். வளையத்தைத் திருப்பினால் டிவியில் பித்தப்பை பெரிதாக வேண்டும், மங்கக் கூடாது. மங்கினால் எதை வெட்டுகிறோம் என்று டாக்டருக்கே சந்தேகம் வந்துவிடும். சந்தேகப்படுவது என் வேலை, அவர் வேலை அல்ல.

முதலில் செய்த இரண்டு மாதிரிகளும் பளிச்சென்று இருந்தன. ஆனால் உள்ளே ஒரு தூசி தெரிந்தது. உடனே இரண்டு சட்டங்கள் போட்டேன். ஒவ்வொரு கண்ணாடியையும் விளிம்பு உட்பட அசிட்டோனில் துடைக்க வேண்டும். ஒருதடவை மூடியதை மறுபடி பிரிக்கக் கூடாது.

சிதம்பரத்து டாக்டர் ஒருவர் ஆறு கேட்டார். செய்தோம். மூன்று நன்றாக இருந்தன. மற்ற மூன்றில் வளையத்தைக் கடைசிவரை திருப்பினால், தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விட்ட மாதிரி படம் வெளிறியது.

என் கணக்கில் தப்பிருந்தால் ஆறும் மங்கியிருக்க வேண்டுமே? ஆகவே தப்பு கையில். கை என்றால் அந்தப் பெண்ணின் கை. இதைத் தீர்மானிக்க எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆயிற்று. அதன்பின் ஒரு நோட்டு வாங்கி, மேஜை டிராயருக்குள் வைத்து, துப்பறிய ஆரம்பித்தேன். ‘செவ்வாய்: செல்போன் பேசிவிட்டுக் கை கழுவவில்லை.’ ‘புதன்: கரண்ட் போனபோது லென்ஸைக் கையிலேயே வைத்திருந்தார்.’ ‘வியாழன்: மூன்று தடவை ஜன்னல் பக்கம் பார்த்தார்.’ ஜன்னலுக்கு வெளியே, மாடி வராந்தாவில், நான்தான் நின்றுகொண்டிருந்தேன். அதை எழுதவில்லை.

மைத்துனன் கேட்டான். “என்னா மாமா, தப்பு எங்கன்னு தெரிஞ்சிதா?”

“கை சரியில்ல மச்சான்.”

“அப்ப டாக்டர் வேணாம்னுட்டா அந்தப் பொண்ண நிறுத்திடலாம். நீங்க சொன்னா சரி.”

தட்டி மறைப்புக்கு அந்தப் பக்கம்தான் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் என் மேஜைக்கு வந்தார். “சார், இது போச்சுன்னா இன்னொரு வேலைக்கு எங்க வூட்ல அனுப்ப மாட்டாங்க. என் கையில என்னா தப்புன்னு சொல்லுங்க, மாத்திக்கிறேன்.”

எனக்குத் தெரியாது. “கவனமா செய்யும்மா” என்றேன். பதில் தெரியாதவர்கள் எல்லோரும் சொல்வது.

அடுத்த புதன்கிழமை ஆறையும் டாக்டரிடம் காட்ட மூன்று பேரும் வேனில் சிதம்பரம் போனோம். அவர் தன் கருவிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அது எதற்கு என்று எனக்கு உடனே ஒரு சந்தேகம்.

ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் கறுப்புப் பெட்டிக்குள் கோழி ஈரல் ஒன்றை வைத்து, குழாயைச் சொருகிக் காத்திருந்தார் டாக்டர். நன்றாக இருந்த மூன்றையும் முன்வரிசையில் வைத்திருந்தோம். சந்தேகத்தில் டாக்டர் என்னைவிடப் பெரிய ஆள்.

“நீங்க நீட்டுறத குடுக்காதீங்க. பின்னாடி ஒளியுது பாருங்க, அத குடுங்க.”

மாட்டினார். வளையத்தைத் திருப்பினார். ஈரல் பெரிதாயிற்று, வெளிறியது.

“என்னாங்க இது, கோழிக்குக் காமாலையா?”

மைத்துனன் என்னைப் பார்த்தான். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர் பெட்டியைத் திறந்தார்.

“சார், பிரிக்கவா?”

“பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?”

“எப்பிடியும் போற வேலைதானே சார்” என்று சொல்லிவிட்டுத் திருகைக் கழற்றினார். மூன்றாவது கண்ணாடியை எடுத்தார். மற்ற ஆறு கண்ணாடிகளிலும் எந்தப் பக்கம் எது என்று பார்த்தவுடனே தெரியும். மூன்றாவது மட்டும் இரண்டு பக்கமும் புடைத்தது. ஒரு பக்கம் துளி அதிகம், மறுபக்கம் துளி குறைவு. கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. அந்தத் துளியைக் கண்டுபிடிக்க நான் இரண்டு மாதம் கணினி முன் உட்கார்ந்து, சாதித்துவிட்டதாகப் பெருமைப்பட்டிருந்தேன். அதை அவர் புரட்டிப் போட்டு மூடினார்.

டாக்டர் மாட்டித் திருப்பினார். ஈரலின் நரம்பு ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி நின்றது.

“பாத்தீங்களா மாமா” என்றான் மைத்துனன் மெதுவாக. “தலகீழா போட்டு வெச்சிருக்கு. நீங்க சொன்னது கரெக்ட்டு.”

அவர் காதில் அது விழுந்தது. “முதல் ரெண்டும் சரியாத்தான சார் போட்டேன்? விளிம்புல பென்சில் கோடு இருந்துச்சு. வளைவு ஜாஸ்தியான பக்கம்னு பெங்களூர்ல கண்ணாடி தேய்ச்சுக் குடுக்கிறவங்க போட்டு அனுப்புறாங்கன்னு நெனச்சி அது பாத்துத்தான் வெச்சேன். அப்பறம் கோடு போச்சி. குருட்டாம்போக்குல வெச்சேன்.”

“கோடு எப்பிடிப் போச்சி?” என்றான் மைத்துனன்.

அவர் என்னைப் பார்த்தார். டிராயரிலிருந்து எடுத்து வந்த நோட்டு என் சட்டைப்பையில் இருந்தது. முதல் பக்கம், முதல் வரி, நோட்டு வாங்கிய அன்று பழசை நினைத்து எழுதியது. பேசாமல் இருந்தால் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் காட்டிக்கொடுக்க மாட்டார், எனக்கோ மறைப்பது பழகிப்போன வேலை. ஆனாலும் நோட்டை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் சத்தமாகவே படித்துவிட்டான். “‘லென்ஸ் விளிம்பில் பென்சில் கிறுக்கல். இவர் வேலையா? துடைக்கச் சொன்னேன்.’”

டாக்டர் சிரிக்கவில்லை. “மீதி ரெண்டையும் பொரட்டிப் போட்டுக் குடும்மா” என்று அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஆறில் மூன்று. காசு சுண்டினால் வருகிற கணக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை கண்டுபிடித்திருக்கும். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன்.

திரும்பும்போது முட்லூரில் வேனை நிறுத்தினோம். அங்கிருந்து பரங்கிப்பேட்டைக்கு வேறு பஸ். அவர் இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு வரணுமா சார்?”

மைத்துனன் என் பக்கம் திரும்பினான். “வரணும்மா” என்றேன். “தப்பு என்னுது.”

“அப்ப அடுத்த டிராயிங்ல மூணாவது கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் ஒரே வளைவா குடுத்துடுங்க. எப்பிடிப் போட்டாலும் சரியா இருக்கும்.”

அப்படிச் செய்தால் படம் இம்மியளவு கெடும் என்று வாயெடுத்து, மூடிக்கொண்டேன். மறு மாதம் அப்படியே வடிவமைத்தேன். கெட்டதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, டாக்டர் உட்பட.

புது டிராயிங்கைக் கொடுத்தபோது அவர் இரண்டு பக்கத்து வளைவு எண்களும் ஒன்றுதானா என்று விரல் வைத்துச் சரிபார்த்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.