பெட்டியிடம் அண்ணே என்றவர்கள்

ரத்த வங்கியில் எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்று கணினியில் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் அந்த ஆஸ்பத்திரியில் ஒரே ஒருவர்தான். ஆறு வார்டு நர்சுகளுக்கும் அவர் 'டேட்டா அண்ணன்'. பதினோரு வருஷமாக அவரை நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட விடாமல் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

இப்போது மனைவிக்கு இரண்டாவது பிரசவம். நாலு மணி நேரப் பயணத்தில், அவளுடைய அக்கா வீட்டில் இருந்தாள். "முதல் தடவைதான் வரல. இதுக்காவது வருவீங்களா, இல்ல போன்லயே பேர் வெச்சிடுவீங்களா?" என்று கேட்டிருந்தாள். அன்றிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அதற்காகத்தான் நர்சுகளே பார்த்துக்கொள்ளும்படி கணினியில் ஒரு பக்கத்தைச் செய்தார். ஒரே ஒரு பெட்டி. ரத்த வகையை எழுதித் 'தேடு' என்றால் கணக்கு வரும். பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு வார்டாக ஏறி இறங்கிக் காட்டினார். "அட, இவ்வளவுதானாண்ணே!" என்றார்கள். அன்றைக்கே இரண்டு மணி பஸ்ஸுக்குச் சீட்டும் எடுத்தாயிற்று.

அதற்குப் பிறகு மதியம் வரை போன் அடிக்கவில்லை. சந்தோஷப்படவேண்டிய ஆள், ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். உயிரோடுதான் இருந்தது. பொறுக்கமாட்டாமல், யார் யார் என்ன தேடினார்கள் என்ற பட்டியலைத் திறந்தார்.

'அண்ணே, ஏபி நெகட்டிவ் ரெண்டு பை இருக்குமா? கொஞ்சம் அவசரம்.'

சிரிப்பு வந்தது. பழக்கதோஷம், பெட்டியையும் அண்ணனாக்கிவிட்டார்கள். அடுத்த வரியில் சிரிப்பு செத்தது. பெட்டி 'இல்லை' என்று பதில் சொல்லியிருந்தது. கேட்டது புரியாவிட்டாலும் அது 'இல்லை' என்றுதான் சொல்லும். அப்படி எழுதிவைத்த புண்ணியவான் அவரேதான். கேட்டு நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. கீழே குளிர்பெட்டியில் மூன்று பை கிடந்தது.

இரண்டு மாடி ஏறி வார்டுக்கு ஓடினார்.

"ஏபி நெகட்டிவ் கேட்டது யாரும்மா?"

"நான்தாண்ணே. நீங்கதான் இல்லன்னுட்டீங்களே! ஆபரேஷன நிறுத்தி வெச்சிருக்காங்க. பேஷன்டோட தம்பி வெளிய ரத்தம் தேடி அலையறாரு."

"நான் எங்கம்மா சொன்னேன்?"

"பெட்டில நீங்கதானே?"

ரத்தம் மேலே போனது, தம்பியைத் திருப்பி அழைத்தார்கள். இவர் உட்கார்ந்து, எப்படிக் கேட்டாலும் அதில் ரத்த வகையை மட்டும் பிடித்துக்கொள்ளும்படி மாற்றினார். பிடிபடாவிட்டால், 'புரியவில்லை, ரத்த வங்கிக்குப் போன் செய்யுங்கள்' என்று வரும். இரண்டு மணி பஸ் போய்விட்டது. வாசல் வரை போனார், திரும்பி வந்தார். நாளைக்குப் போனால் என்ன என்றுகூட நினைத்தார். மூன்றரைக்குப் பட்டியலில் ஒரு வரி விழுந்தது: 'அண்ணே, ஓ பாசிட்டிவ் எத்தனை?' பக்கத்திலேயே பதில்: 'ஒன்பது பை.' சரியான பதில். அவர் இல்லாமலே வந்த பதில். பெருமையாக இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு நடந்தார்.

பஸ் ஊர் எல்லையைத் தாண்டும்போது மனைவி கூப்பிட்டாள். "வலி ஆரம்பிச்சிடுச்சு. எங்க இருக்கீங்க?"

"பஸ்ல."

அவள் நம்பவில்லை. டிரைவர் ஒரு ஹாரன் அடித்தார்.

"அக்கா, நிஜமாவே பஸ்லதான் இருக்காருக்கா," என்று அந்தப் பக்கம் யாரிடமோ சொல்லி அழுதாள்.