வியர்வைக்கு வந்த மவுசு

கிடங்கில் எல்லாரும் அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தொடுவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தது பழைய துணி மூட்டைகளைப் பிரிக்கும் வேலை. அதிலும் அவள் பங்குக்கு வந்தது பேஸ்பால் தொப்பிகள்.

மைதானத்தில் ஆடுகிறவர்களின் கண்ணை வெயில் உறுத்தாமலிருக்க வந்த தொப்பி அது. பிறகு லாரிக்காரர், பாட்டுக்காரர், வெயிலையே பார்க்காத கம்ப்யூட்டர்காரர் என்று எல்லார் தலையிலும் ஏறிவிட்டது. ஏறியதெல்லாம் கடைசியில் அவள் மேசையில் வந்து குவிந்தது. நெற்றியைச் சுற்றும் உள்பட்டை உப்புப் பூத்து, மஞ்சளடித்து, பொடுகும் முடியுமாகப் பிசுபிசுக்கும். விரல் பட்டாலே குமட்டும்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் ஒரு கூடைத் தொப்பிகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"யாரக் கேட்டும்மா கழுவுன? இந்த அழுக்குக்குத்தான் இப்ப மவுசு. நிஜமா ஒருத்தர் போட்டுப் பழகினதுதான் வேணும்னு கேக்குறாங்க."

"எவனோ ஒருத்தன் தலை நாத்தத்தயா சார்?"

"ஒனக்கென்ன, நீயா போடப்போற?"

கொஞ்ச நாளில் அவளையும் போடத்தான் சொன்னார்கள். பழசு போதாமல் புதுத் தொப்பிகளை இறக்கி, அவற்றில் வியர்வை ஊறட்டும் என்று ஆளுக்கொன்றாக மாட்டிவிட்டார்கள். மேற்பார்வையாளர் முன்மாதிரியாக, மல்லிகை மணக்கும் தலையெண்ணெய் வழிய வழிய, நாளுக்கொன்று போட்டுக் கழற்றினார். மூக்கக்கா வாயைப் பொத்திக்கொண்டு மாட்டிக்கொண்டாள், வேலை போய்விடுமே.

அந்த மாதம் அவள் கணவன் ஒரு தொப்பியோடு வீட்டுக்கு வந்தான். கடையில் கெஞ்சி வாங்கியதாம்.

"பாத்தியா, பட்டை எப்படிப் பழுத்திருக்கு. அசல் விளையாட்டுக்காரன் போட்டது."

அவள் கிட்டே போனாள். மல்லிகை எண்ணெய். கழுவுதொட்டிக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

"மாசமா இருக்கியா?" என்றான் அவன், ஆவலாக.

"அந்தத் தொப்பில இருக்கறது எங்க சூப்பர்வைசர் மண்ட எண்ணெய்ங்க."

அவன் நம்பவில்லை. அவள் தொப்பியைக் குறட்டால் பிடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

மறுநாள், இனித் தொப்பி போடமாட்டேன் என்று மேற்பார்வையாளரிடம் முகத்துக்கு நேரே சொன்னாள். படுக்கை விரிப்புப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார். அங்கே கண்ட கறைகளைப் பற்றி அவள் யாரிடமும் சொல்வதில்லை. கணவன் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, அதே கடையில் இன்னொன்று வாங்கிவிட்டான். அது இப்போது கதவுக்கு வெளியே ஆணியில் தொங்குகிறது. அதைத் தொட்டவன் கை கழுவாமல் வீட்டுக்குள் வர முடியாது.