லோர்னா ஒப்பிட்டுப் பார்த்த மூன்று லீகுகள்

லோர்னா ஹேவர்ட்டிக்கு நாற்பத்தாறு வயது. வர்ஜீனியாவில், ரிச்மண்டுக்கு மேற்கே, பள்ளிப் பேருந்துகளுக்கு வழித்தடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை. எந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள், எந்த முனையில் பேருந்து திரும்பாது, எந்தத் தகப்பன் காலை ஆறே முக்காலுக்கே போன் செய்து கத்துவான் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். எதையும் ஒருமுறைதான் சொல்வாள். இரண்டாம் முறை கேட்டால் பெருமூச்சு விடுவாள். முப்பது வருஷம் வண்டி ஓட்டியவர்கள்கூட அந்தப் பெருமூச்சுக்குப் பயப்படுவார்கள்.

அவள் நீச்சல் பழகியது கைவிடப்பட்ட ஒரு கல்குவாரித் தண்ணீரில், மூன்று அண்ணன்மாரோடு. யாரும் நேரம் பார்க்கவில்லை, யாரும் ரிப்பன் கொடுக்கவில்லை. முழுகாமல் மேலே வந்தால் போதும் என்பதுதான் அங்கே இருந்த ஒரே விதி. தன் பிள்ளைகள் நீந்துவதற்காகத் தான் கோடை முழுக்க விதிப்புத்தகமும் கையுமாக அலையப் போகிறோம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவர்களையும் குவாரியில் தள்ளிவிட்டிருப்பாள்.

அவர்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்துக்குச் சிக்கமோர் குளம் என்று பெயர். அதன் பிள்ளைகள் அணிக்கு ‘ஆமைகள்’ என்று பெயர் வைத்தவர் வேடிக்கைக்காகத்தான் வைத்தார். ஆனால் அணி அதை மனதில் வாங்கிக்கொண்டதுபோலத்தான் நீந்தியது. ஐம்பது குளங்கள் சேர்ந்த சனிக்கிழமை லீகில் கடைசிப் பிரிவில் கடைசி இடம். லோர்னாவின் மகள் பெத்தனிக்குப் பதினொரு வயது. அணியில் வேகமாக நீந்துகிற இரண்டு மூன்று பேரில் ஒருத்தி. மகன் டெஸ்மண்டுக்கு ஏழு. அவனுக்கு நீந்துவதைவிட, தன் முறை வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து இனிப்பு ஜெல்லிப் பொடியை விரலால் தொட்டு நக்குவதுதான் பிடிக்கும்.

சனிக்கிழமை என்றால் காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும். கூடாரத் துணி, மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாம் வண்டியில் ஏற வேண்டும். பிள்ளைகளின் கையில் மார்க்கர் பேனாவால் போட்டி எண்ணும் தட எண்ணும் எழுத வேண்டும். பிறகு லோர்னா ஸ்டாப் வாட்சோடு குளத்தின் விளிம்பில் நான்கு மணி நேரம் நிற்பாள், செருப்பெல்லாம் நனைய.

அந்த ஜூனில் முதல் பந்தயத்தன்று டெஸ்மண்ட் இருபத்தைந்து மீட்டர் தவளை நீச்சலை முதல்முறையாக முழுசாக நீந்தி முடித்தான். சுவரை ஒரு கையால் தொட்டான். இரண்டு கையும் சேர்ந்து தொட வேண்டும் என்பது விதி. கரையில் வெள்ளைச் சட்டையில் நின்ற நடுவர் கையைத் தூக்கினார், செல்லாது என்று சீட்டு எழுதினார், குனிந்து அவனிடம் மிகவும் மரியாதையாக விளக்கினார். அவன் நேராக அம்மாவிடம் வந்தான்.

“அம்மா, செல்லாதுன்னா நான் நீந்தவே இல்லையா?”

“நீந்தினடா. கணக்குல வராது, அவ்வளவுதான்.”

“அப்ப அவ்வளவு நேரம் நான் எங்க இருந்தேன்?”

லோர்னா துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள். பதில் சொன்னது பக்கத்துத் தடத்தில் நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஷெல்பி. அவள் இவர்கள் தெருக்காரி. எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பவள்.

“ஏழு வயசுப் புள்ளைடீ! என்ன, ஒலிம்பிக்கா நடத்துறாங்க? இந்த லீகே வேண்டாம். வேற லீகுக்குப் போயிடலாம்.”

பின்னாலிருந்து ஒரு தகப்பன், “நம்ம ஆளுங்க மெத்தனமா இருக்கிறதாலதான் தோக்குறோம். இதவிடக் கண்டிப்பான லீகா பாக்கணும்” என்றான். அடுத்த வாரத்துக்குள் குளம் இரண்டுபட்டது. பெற்றோர் கூட்டம் போட்டார்கள். இரண்டு மணி நேரம் பேசிய கூட்டத்தில் லோர்னா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பெருமூச்சு விட்டாள்.

குளத்துச் சங்கத் தலைவர் ட்வைட் ப்ரூயிட், காப்பீட்டுத் தொழிலில் ஓய்வு பெற்றவர், கூட்டம் முடிந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“லோர்னா, இந்தப் பக்கம் மொத்தம் மூணு லீக் இருக்கு. நீ போய் பாத்து ஒரு ஒப்பீடு எழுதிக் குடு. ஒரு பக்கம் போதும்.”

“நான் எதுக்கு ட்வைட்?”

“நீதானே பெருமூச்சு விட்ட. அக்கறை இருக்கிறவங்கதான் பெருமூச்சு விடுவாங்க.”

வீட்டில் அவள் கணவன் கர்ட்டிஸ் சிரித்தான். அவன் தீயணைப்பு நிலையத்தில் வேலை செய்பவன். ஒருநாள் முழுக்க வேலை, இரண்டு நாள் வீடு. “முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“ரெண்டு தடவ சொன்னேன்.”

“நீ ரெண்டு தடவ சொன்னியா? அப்ப நிஜமாவே மாட்டிக்கிட்ட.”

ஜூலையில் ஒரு புதன்கிழமை மாலை லோர்னா ‘மூன்று ஓடை’ என்ற லீகைப் பார்க்கப் போனாள். அது அன்பான லீக் என்று பெயர் வாங்கியது. நீந்தியவர்கள் எல்லாருக்கும் ரிப்பன். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் ஒருவர் ஒலிபெருக்கியில் பிள்ளைகளை அறிமுகம் செய்துவைப்பார்: மூன்றாம் தடத்தில் இன்னார், இவருக்குப் பிடித்தது மெக்கரோனி, நான்காம் தடத்தில் இன்னார், இவர் வீட்டில் பல்லி வளர்க்கிறார். ஒரு போட்டி நீந்தி முடிய ஒரு நிமிஷம் ஆனால், மெக்கரோனிக்கும் பல்லிக்கும் நான்கு நிமிஷம் ஆயிற்று. எழுபது போட்டிகளில் பதினான்காவது நடக்கும்போது எங்கேயோ தூரத்தில் இடி முழங்கியது. இடி கேட்டால் அரை மணி நேரம் யாரும் தண்ணீரில் இருக்கக் கூடாது. இருபத்தெட்டாம் நிமிஷத்தில் இன்னொரு இடி. மறுபடியும் முதலிலிருந்து அரை மணி. ஈரத் துண்டு போர்த்திய நூற்றைம்பது பிள்ளைகள் கார்களுக்குள் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். மூன்றாம் இடிக்குப் பிறகு பந்தயத்தையே ரத்து செய்தார்கள்.

பக்கத்து நாற்காலிப் பெண்மணி கிளம்பும்போது ஆறுதலாகச் சொன்னாள்: “போன வாரம் வந்திருக்கணும் நீங்க. ரெண்டு இடிதான்.”

மூன்றாவது, மாவட்ட நிர்வாகம் நடத்துகிற கவுன்ட்டி லீக். பொதுக்குளம், செவ்வாய்க்கிழமை காலை. லோர்னா விடுப்புப் போட்டுவிட்டுப் போனாள். அங்கே கூடாரமும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. தொடங்கிவைப்பவர் விசிலை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார், “போங்க!” என்று கத்தினார். பாதிப் பேர் போனார்கள், மீதிப் பேர் “எங்களையா?” என்று கேட்டார்கள். பத்து வயதுப் பையன்களின் மல்லாந்த நீச்சல் இரண்டு முறை நடந்தது. முதலில் நடந்தது யாருக்கும் நினைவில்லை.

பிறகு எட்டு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி இறங்கினாள். மூன்று வாரம் முன்புதான் மிதக்கக் கற்றிருந்தாள். நாலு கை வீச்சு, பிறகு தடக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவது, மறுபடி நாலு வீச்சு. மற்றவர்கள் ஏறித் துடைத்தே முடித்துவிட்டார்கள். இவள் நடுக்குளத்தில் இருந்தாள். முதலில் அவள் தகப்பன் மட்டும் கத்தினான். பிறகு அவன் பக்கத்தில் இருந்தவர்கள். கொஞ்ச நேரத்தில் குளம் முழுக்கக் கத்தியது. தானும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருப்பதை லோர்னா தாமதமாகத்தான் கவனித்தாள்.

பிள்ளை சுவரைத் தொட்டாள். யாரும் நேரம் குறிக்கவில்லை. அதுதான் லோர்னாவுக்குப் பொறுக்கவில்லை. பழக்கதோஷத்தில் அவள் கைப்பேசியில் கடிகாரத்தை ஓடவிட்டிருந்தாள். எழுந்து போய் அந்தத் தகப்பனிடம் காட்டினாள்: மூன்று நிமிஷம் பதினொரு விநாடி. அவன் பேனா இரவல் வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

நடத்துகிறவரிடம் போய், “ரிசல்ட் எங்க ஒட்டுவீங்க?” என்று கேட்டாள்.

“ரிசல்ட்டா? எறங்குனவங்க எல்லாம் ஏறிட்டாங்க. அதான் ரிசல்ட்.”

லோர்னா பதினொரு பக்கம் எழுதினாள். ட்வைட் கேட்டபடி ஒரு பக்கமாக வெட்டினாள். நேரம், தூரம், விதி, காத்திருப்பு, அழுத பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் கட்டம் கட்டி எழுதி, எல்லாருக்கும் அனுப்பினாள். ஆகஸ்ட் கூட்டத்தில் ஒருவர்கூட அதைப் படித்திருக்கவில்லை.

“சனிக்கிழமை லீக் சனிக்கிழமைதானா நடக்குது?” என்று ஒருவர் கேட்டார்.

“ரிப்பன் என்ன கலர்னு போடலயே?” என்றாள் ஷெல்பி.

“கவுன்ட்டி லீகுல இடி இடிக்காதா?” என்றது இன்னொரு குரல்.

வாக்கெடுப்பு நடந்தது. அறுபத்தெட்டுக் குடும்பங்கள். இருபத்துமூன்று, இருபத்துமூன்று, இருபத்திரண்டு. ட்வைட் கைகளைத் தேய்த்துக்கொண்டார். “ஆரோக்கியமான விவாதம். ஒரு குழு போட்டு இன்னும் ஆழமா ஒப்பிட்டுப் பாப்போம். லோர்னா தலைமையில...”

லோர்னா ஒப்பீட்டுத் தாளை மேஜைமேல் வைத்தாள். “ட்வைட், மூணு இடத்துலயும் நான் போய் உக்காந்தேன். மூணு இடத்துலயும் குறை சொன்னது நம்மள மாதிரி கரையில நின்னவங்கதான். இதுக்கு மேல ஒப்பிட என்கிட்ட ஒண்ணும் இல்ல.” சொல்லிவிட்டு வண்டிக்குப் போய்விட்டாள்.

எதுவும் முடிவாகாததால் அணி இருந்த இடத்திலேயே இருந்தது. லோர்னா வீட்டில் மட்டும் வேறு முடிவானது. பெத்தனிக்குச் சனிக்கிழமை லீகை விட்டு நகர விருப்பமில்லை. “அங்கதான் என்னோட நேரத்த எழுதுறாங்க” என்றாள். டெஸ்மண்டோ சனிக்கிழமைக்குப் போகவே மாட்டேன் என்று ஜெல்லிப் பொடிமேல் சத்தியம் செய்தான். அடுத்த கோடையில் அவன் கவுன்ட்டி லீகுக்குப் போனான், கர்ட்டிஸ் வேலையில்லாத செவ்வாய்களில் அவனோடு, மற்ற செவ்வாய்களில் லோர்னாவோடு. மூன்று லீகை ஒப்பிடப் போனவள் இப்போது இரண்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். பேருந்துகளுக்கு வழி போடுவது எவ்வளவோ மேல்.

இதற்கு நடுவே சனிக்கிழமை லீகிலிருந்து கடிதம் வந்தது. ஒவ்வொரு அணியும் இரண்டு நடுவர்களைத் தர வேண்டும், இல்லாவிட்டால் பந்தயம் இல்லை. போன கோடையில் நடுவரைத் திட்டாதவர் யாரும் இல்லை. நடுவராக வருகிறவர்தான் ஒருவரும் இல்லை. ஷெல்பி வெயில் ஒத்துக்கொள்ளாது என்றாள். எரிச்சலின் உச்சத்தில் லோர்னா பெயர் கொடுத்தாள். இன்னொரு பெயர், வேறு வழியில்லாமல், ட்வைட்டுடையது. ஒரு பள்ளி உணவுக்கூடத்தில் இரண்டு மாலை வகுப்பு நடந்தது. அங்கே அழுத்தமாகச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே: சந்தேகம் இருந்தால் பிள்ளை பக்கம் நில்லுங்கள், கண்ணால் பார்த்ததற்கு மட்டும் கையைத் தூக்குங்கள்.

அந்த ஜூலையின் மூன்றாம் சனிக்கிழமை. வருஷா வருஷம் இவர்களைத் தோற்கடிக்கிற அணியோடு பந்தயம். ஐம்பது மீட்டர் தவளை நீச்சல். பெத்தனி இரண்டாம் தடம். ஒன்று முதல் மூன்று வரை பார்க்க வேண்டியவள் லோர்னா. பாதித் தூரத்தில் திரும்ப வேண்டிய சுவருக்குப் பெத்தனி முதல் ஆளாக வந்தாள். இடது கை சுவரைத் தொட்டது. வலது கை தொடவில்லை. உடம்பு திரும்பிவிட்டது.

லோர்னா தனக்குள் சந்தேகத்தைத் தேடினாள். வெயில் கண்ணில் அடித்ததா? தண்ணீர் தெறித்ததா? ஒன்றும் இல்லை. பளிச்சென்று பார்த்திருந்தாள். கை மேலே போனது.

பெத்தனி முதலாவதாக வந்து, தொப்பியைக் கழற்றிச் சிரித்துக்கொண்டு நிமிர்ந்தாள். உயர்ந்திருந்த கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கைக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தாள்.

அணி நான்கு புள்ளியில் தோற்றது. முதல் இடத்துக்கு ஐந்து புள்ளி.

“சொந்தப் புள்ளைக்காடீ!” என்றாள் ஷெல்பி. “நானா இருந்தா கண்ணுல தூசி விழுந்துடுச்சுன்னு சொல்லியிருப்பேன்.” ட்வைட் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்று, “நீ... நல்லா பாத்தியா லோர்னா?” என்று மூன்று முறை கேட்டார். எதிரணிப் பயிற்சியாளர் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் நேர்மைக்கு ஈடில்லை என்றார். திட்டியவர்களைவிட அந்த ஆள்மேல்தான் அவளுக்கு அதிகம் ஆத்திரம் வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டி பாதித் தூரம் வந்திருந்தது.

“நீ அந்தப் பக்கம் பாத்திருக்கலாம்” என்றாள் பெத்தனி.

“பாத்திருக்கலாம்.”

“பின்ன ஏன் பாக்கல?”

“பக்கத்து லேன்ல வந்த புள்ளையையும் நான்தான் பாக்குறேன். அவளுக்கு ஒரு கண்ணு, உனக்கு ஒரு கண்ணா?”

“நான் ரெண்டு கையும் வச்சேன்.”

“இல்ல பெத்.”

இரண்டு சிக்னல் கடந்தன. “வலது கை கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்.”

“லேட்டு இல்ல. வரவே இல்ல.”

பெத்தனி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். ஏதாவது சொன்னால் தானும் அழுதுவிடுவோம் என்று தெரிந்து, லோர்னா முன்னால் மெதுவாகப் போன லாரியைத் திட்டினாள். மூன்று நாள் வீட்டில் மகள் அம்மாவோடு நேராகப் பேசவில்லை. “அக்காவுக்கு வெண்ணெய் வேணுமாம்” என்று டெஸ்மண்ட் தூது சொன்னான். நான்காம் நாள் காலை அவள் பயிற்சிக்குச் சீக்கிரமே கிளம்பினாள். திரும்பும் சுவருக்குப் போவதும் வருவதுமாக ஒரு மணி நேரம் அதை மட்டும் செய்ததாக அவளுடைய பயிற்சியாளர் பிறகு சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை பெத்தனிக்கு ஆறாம் தடம் கிடைத்தது. லோர்னாவுக்கு வழக்கம்போல ஒன்று முதல் மூன்று. விசில் ஊதியது. அவள் பார்க்க வேண்டியது யாரோ மூன்று பிள்ளைகளின் கைகளை, அவற்றையே பார்த்தாள். ஆறாம் தடத்தின் பக்கம் கூச்சல் எழுந்தபோதும் தலையைத் திருப்பவில்லை. முடிந்ததும் அந்தப் பக்கம் நின்ற ட்வைட்டிடம் ஓடினாள்.

“ரெண்டு கையுமா?”

“ரெண்டு கையும். மூணாவது இடம். அந்தத் திருப்பம் இருக்கே, நீ பாத்திருக்கணும் லோர்னா!”

“எங்க பாக்கவிட்டீங்க?” என்று எரிந்து விழுந்தாள் லோர்னா. குளத்தின் அந்தக் கோடியில் பெத்தனி துண்டைப் போர்த்திக்கொண்டு, தன் தடத்துக்கு நேரம் பார்த்தவரிடம் எத்தனை விநாடி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே அடுத்த பிள்ளைகள் வந்து நிற்கத் தொடங்கிவிட்டார்கள். லோர்னா நனைந்த செருப்போடு தன் இடத்துக்குத் திரும்பினாள்.